சோபாவில் பெரியப்பா

என் வீட்டு சோபாவில் நான் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்ததே கிடையாது. கடைக்காரனோடு மல்லுக்கட்டி அதை வாங்கியவள் நான். வாசலுக்குள் நுழையாமல் முரண்டு பிடித்தபோது அதன் கால்களைக் கழற்றி உள்ளே இழுத்தவளும் நான்தான். அதில் படுத்துத் தூங்குவது மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் பஸ் ஓட்டுகிறேன். ஊர் கண் விழிப்பதற்கு முன்னால் டெப்போவை விட்டுக் கிளம்புகிற முதல் பஸ் என்னுடையது. மத்தியானம் வீடு வந்து சேரும்போது முதுகு பலகையாகியிருக்கும். கதவைத் திறந்ததும் விழலாம் என்று வந்தால், கதவுக்கு வெளியிலேயே அந்தப் பூட்ஸ் ஜோடி என்னை வரவேற்கும். இரும்பு முனை வைத்த, படகு மாதிரியான பூட்ஸ். உள்ளே டிவி அலறிக்கொண்டிருக்கும், மதியத்தோடு பள்ளி விட்டு வந்த என் மகள் குட்டி தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைத் தட்டிக்கொண்டிருப்பாள், இரண்டுக்கும் நடுவில் வெல்டர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்.

இடது பக்கத்து வீட்டுக்காரர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். காலமெல்லாம் பட்டறைச் சத்தத்திலேயே இருந்ததால் சத்தமில்லாத வீட்டில் அவருக்குத் தூக்கம் பிடிப்பதில்லையாம். இதைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். நாங்கள் குடிவந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, நம் வீட்டில் சத்தத்துக்கு என்ன குறைச்சல், வந்து படுங்கள் என்று அழைப்பும் வைத்துவிட்டார். பதிலுக்கு, பள்ளி விட்டு வரும் குட்டியை அவர் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. தூங்கிக்கொண்டே ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வதை நான் இந்த வீட்டில்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். நாள் முழுக்க ஊரார் மூக்கைப் பிடித்துப் பார்த்து, இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பவர். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. எங்கள் தெருவில் ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள், கதவுக்குக் கதவு வேறு மொழி. எல்லாருக்கும் பொதுவாக இந்த ஊர்மொழி ஒன்று இருக்கிறது. அதையும் ஆளுக்கு ஒரு விதமாகக் கடித்துத் துப்புகிறோம். இப்படிப்பட்ட இடத்தில் மனிதர் என்ன செய்ய வேண்டும்? வணக்கம் சொல்லிவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இவரோ வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு வெந்துவிடும் என்கிற கட்சி. வெல்டரை முதல் நாளே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து "அண்ணே" என்று கூப்பிட்டார்.

வெல்டருக்கு அது என்ன என்று விளங்கவில்லை. ஏதோ வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவரும் திருப்பி "அண்ணே" என்றார். வலது பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். இரண்டு ஆண்களும் வேலிக்கு வேலி இப்படிக் கூவிக்கொள்வதைக் கேட்டு, இருவருக்கும் பெயரே அதுதான் என்று முடிவு கட்டி, இருவரையும் அண்ணே என்று அழைக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன். அவனும் இருவரையும் அண்ணே என்றான். கடைசியில் எங்கள் தெருவில் யாருக்கும் யார் பெயரும் தெரியாத நிலை வந்துவிட்டது. அதில் யாருக்கும் குறையும் இல்லை, என்னைத் தவிர. நான் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர்கள் என்னை டிரைவர் என்பார்கள். அது எனக்குப் போதும்.

குட்டிக்கு ஆறு வயது. அப்பாவின் பயிற்சியில் அவளுக்கு வெல்டர் பெரியப்பா, பார்சல் பையன் சித்தப்பா, தையல்காரம்மா அத்தை. முறை வைத்ததோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பார்சல் பையன் வண்டியில் இடம் போதாத நாளில் எங்கள் பின்னறையில் பெட்டிகளை அடுக்குவான். தையல்காரம்மாவின் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி இல்லை. என் படுக்கையறை அலமாரியில் இருக்கிறது. முன்பின் தெரியாத பெண்கள் பாதி தைத்த கவுனோடு என் படுக்கையறையில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பதை வேலை விட்டு வந்து நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருத்தி என்னிடமே, இடுப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாக இல்லை என்று சொன்னேன்.

இவரிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். "போகட்டும்மா, நமக்கு யாரு இருக்கா இங்க" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது? ஒரு பட்டாளம் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளோடு வளர்ந்தவர். அவர்கள் எல்லாரையும் விட்டு வந்த இடத்தை ஆள் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டை ஒரு ஏஜென்சி மூலம் பிடித்தோம். முன்பு இங்கே இருந்தவர்கள் நான்கு பேர் என்று சொல்லி நுழைந்து, மாடிப்படிக்கு அடியில்கூட ஆள் படுக்கிற அளவுக்கு நெருக்கியடித்து இருந்திருக்கிறார்கள். அதில் சூடுபட்ட ஏஜென்சி எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: நீங்கள் மூவர் மட்டும், நாலாவது ஆள் இருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்கு அந்த வீடு உயிர். அழகுக்காகச் சொல்லவில்லை. குழாயைத் திறந்தால் சுவர் முனகுகிற வீட்டில் என்ன அழகு? அங்கிருந்து டெப்போவுக்கு நடந்து போகலாம், அதுதான் விஷயம். முதல் பஸ்ஸை ஓட்டுகிறவள் டெப்போவுக்குப் போவதற்கு எந்த பஸ்ஸில் போவாள்?

இதற்கு முன் தூரத்தில் ஒரு வீட்டில் இருந்தோம். வாரம் முழுக்க நான் டெப்போ ஓய்வறையில் படுப்பேன், வாரக் கடைசியில் வீட்டுக்குப் போவேன். ஒருமுறை நான் உள்ளே நுழைந்ததும், குட்டி எழுந்து நின்று, உட்காருங்கள் என்று சொன்னாள். விருந்தாளிக்குச் சொல்வது போல. அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதன் பிறகுதான் இந்த வீட்டைத் தேடிப் பிடித்தேன். இதை விட்டால் மறுபடி ஓய்வறைதான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற காலம் வந்தது. அதற்கு முன் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். வருகிறவளுக்கு நான் வைத்த பெயர் சாவிக்காரி. இந்தப் பேட்டையின் பாதிக் கதவுகளை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாள், தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்கும். எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. இவருக்குக் கிடைத்தது. அதுதான் கோளாறு. வீட்டைக் கூட்டி வையுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கதை பேசாதீர்கள் என்று ஒப்பிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அவர் கதை பேசவில்லை, சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் வந்தவளை டீ கொடுக்காமல் அனுப்ப மனம் வராமல் சமையலறைக்குள் போய்விட்டார். அந்தம்மாவும் குட்டியும் தனியாக இருந்தார்கள். பள்ளியில் ஊர்மொழியில் பொரிந்து தள்ளக் கற்றுக்கொண்டு வந்திருப்பவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

அந்த மொழியில் பெரியப்பாவுக்குத் தனிச் சொல் கிடையாது. குட்டி என்ன செய்திருக்கிறாள் என்றால், சொல்லை இரண்டாகப் பிட்டு, பெரிய என்பதைத் தனியாகவும் அப்பா என்பதைத் தனியாகவும் பெயர்த்து வைத்திருக்கிறாள். இந்த சோபா யாருக்கு என்று சாவிக்காரி செல்லமாகக் கேட்டதற்கு, இது பெரிய அப்பா தூங்குகிற இடம் என்றாள். பின்னறையில் இருக்கும் பெட்டிகள்? அவை சின்ன அப்பாவுடையவை. படுக்கையறையில் தொங்குகிற கவுன்? அது அத்தையுடையது, அத்தை இங்கேதான் எல்லாருக்கும் துணி மாற்றிவிடுவாள். அத்தை என்பதை மட்டும் அப்படியே அத்தை என்று சொல்லியிருக்கிறாள். சரி, அப்படியென்றால் டீ போடுகிறாரே, அவர் எங்கே தூங்குவார்? "அவர் வெறும் அப்பா. தரையில தூங்குவார்."

இடுப்பு வலிக்காக அவர் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார். அதை யார் போய் விளக்குவது? இவர் டீயோடு வந்தபோது சாவிக்காரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாளாம். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை, ஆனால் டீயைப் பாராட்டினாள் என்று அன்று மாலை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

இரண்டு நாளில் நோட்டீஸ் வந்தது. மூவருக்கு விட்ட வீட்டில் குறைந்தது ஆறு பேர் வசிப்பதாகத் தெரிகிறது. அவர்களில் மூவர் குழந்தையின் தந்தையர். அக்கம்பக்கத்தில் விசாரித்து, அது உண்மையானால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இவ்வளவுதான் சாரம். படித்துக் காட்டிவிட்டு இவரைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு கொழந்தைக்கு எத்தனை அப்பாங்க?"

"அது மொழிபெயர்ப்புக் கோளாறும்மா" என்றார்.

அன்று நான் போட்ட கூச்சலில் சுவர்க் குழாய்கூட முனகுவதை நிறுத்தியது. ஊர்ப்பட்ட உறவை வீட்டுக்குள் இழுத்து வைத்து என்னை மறுபடி ஓய்வறைக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன்.

முதலில் தையல்காரம்மா. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கேட்டார். ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்திவிட்டு, அப்படியென்றால் கண்ணாடி என்றார். கண்ணாடியும் கிடையாது என்றேன். பார்சல் பையன் ஒன்றும் கேட்கவில்லை. என் கூடவே வந்து, ஈரம் பட்ட பெட்டியைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு போனான். வெல்டரிடம் கடைசியாகப் போனேன். அவருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தம்மா வந்து கேட்டா எங்களைத் தெரியாதுன்னு சொல்லணும். நீங்க சும்மா பக்கத்து வீடு, அவ்வளவுதான். நான் சொல்ற வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் யாரும் வரக் கூடாது, பேசவும் கூடாது."

ஊர்மொழியில் எனக்கு நயமாகப் பேச வராது. பஸ்ஸில் பேசுகிற மொழிதான் வரும்: உள்ளே போங்கள், கதவை விட்டுத் தள்ளி நில்லுங்கள், இறங்குங்கள். அந்தக் குரலிலேயே இதையும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"சரி, டிரைவர்" என்றார் வெல்டர்.

சாவிக்காரி மறுபடி வந்த அன்று நான் லீவு போட்டிருந்தேன். அக்கம்பக்கம் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, சாவிகள் குலுங்க உள்ளே வந்து என் சோபாவில் உட்கார்ந்தாள். முகம் சரியில்லை. எல்லாரும் உங்களைத் தெரியவே தெரியாது என்கிறார்கள், இவ்வளவு நாள் பக்கத்தில் இருந்துகொண்டு முகம்கூடப் பார்த்ததில்லையாம் என்றாள். தையல்காரம்மா ஒரு படி மேலே போய், இந்தப் பக்கம் ஒரு வீடு இருப்பதே தனக்கு இப்போதுதான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். நான் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அதோடு முடியவில்லை. இடது பக்கத்து ஆளிடம், நடுவீட்டில் இருப்பவர் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள். அண்ணே என்று வாய் தவறி வந்துவிட்டது. தையல்காரம்மாவிடம் இடது பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் அதுவும் அண்ணே. எதிர்வீட்டுப் பையனிடம் இரண்டு வீட்டையும் காட்டிக் கேட்டால் இரண்டுமே அண்ணே.

"இந்தத் தெரு முழுக்க ஒரே குடும்பமா? எல்லாருக்கும் ஒரே குடும்பப் பேரா இருக்கே" என்றாள்.

அது பெயரே இல்லை என்றேன். அப்படியென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு இருந்த எரிச்சலில் பொய் யோசிக்கக்கூடத் தெம்பில்லை. கூடப் பிறந்த மூத்தவன் என்று அர்த்தம் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். ஆக, எல்லாரும் உடன்பிறந்தவர்கள் என்றாள். இல்லை, யாரும் உடன்பிறக்கவில்லை, மரியாதைக்குக் கூப்பிடுவது என்றேன். மரியாதைக்குக் கூப்பிடுகிற ஆள் ஏன் சோபாவில் தூங்க வேண்டும் என்று கேட்டாள். அதே கேள்வியைத்தான் நானும் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? மூலையில் நின்ற இவரைப் பார்த்தேன். பேசாதே என்று நான் போட்ட உத்தரவுக்குக் கட்டுப்பட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். டெப்போ ஓய்வறையின் இரும்புக் கட்டில் என் கண்ணில் வந்து நின்றது.

அந்த நேரத்தில் குட்டி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் அடிமேல் அடி வைத்து வந்தாள். சாவிக்காரிக்கு முன்னால் நின்று நீட்டினாள்.

"சாவி அத்தை, தண்ணி."

சாவிக்காரி நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள். அத்தை என்கிற சொல் அவளுக்குத் தெரிந்த சொல். முந்தைய வருகையின்போது, இங்கே வசிக்கும் ஆறாவது நபர் என்று அவளே எழுதிக்கொண்டு போனது.

"இப்ப என்னை என்ன சொன்னா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அத்தைன்னு சொன்னா. அப்பாவோட அக்கா தங்கச்சின்னு அர்த்தம்."

"என்னை இவ இதோட ரெண்டு தடவைதான் பாத்திருக்கா."

"அதுக்கு இவளுக்கு ஒரு தடவையே போதுங்க" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. இந்த வீட்டில் கதவைத் தட்டினவர்கள் எல்லாரும் இவளுக்கு உறவு, குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரை மாமா என்றாள், எல்லாம் இவள் அப்பன் கொடுத்த பழக்கம், நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும், வேண்டுமானால் உங்களையும் சேர்த்து ஏழு பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று கொட்டித் தீர்த்தேன். சொல்லி முடித்ததும் எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சாவிக்காரி தண்ணீரைக் குடித்தாள். குட்டியைப் பார்த்தாள், பிறகு பேனாவை எடுத்து, எழுதியிருந்த எதையோ அடித்தாள். ஆனாலும் ஏஜென்சிக்காரி அல்லவா? தன்னால் மட்டும் முடிவு சொல்ல முடியாது, இனிச் சொல்லாமல் அவ்வப்போது வந்து பார்ப்பேன், மூவரைத் தவிர வேறு தலை தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று குட்டியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று பேர் மட்டும் இருந்தோம். நான் வேண்டும் வேண்டும் என்று தவம் கிடந்தது அதுதானே? என் வேலை நேரத்தை இவர் வேலை நேரத்தோடு எப்படியோ கோர்த்து, குட்டியைப் பள்ளியிலேயே கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கவைத்துச் சமாளித்தோம். மத்தியானம் வந்தால் வாசலில் பூட்ஸ் இல்லை. பின்னறையில் பெட்டி இல்லை. கண்ணாடியில் என் முகம் மட்டும் தெரிந்தது. சோபாவில் கால் நீட்டிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. புது இடம் மாதிரி இருக்கிறது, பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். பழகவில்லை.

வெளியே போனால் அதைவிட மோசம். இவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து அண்ணே என்றால் வெல்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்சல் பையன் எங்களைக் கண்டால் வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். ஒரு நாள் குட்டி தையல்காரம்மாவைப் பார்த்துவிட்டு அத்தை என்று ஓடினாள். அவர் கதவை அவள் முகத்துக்கு நேரே சாத்தினார். குழந்தை அந்த மூடின கதவைத் தொட்டுக்கொண்டே நின்றாள். நான் போய்த் தூக்கி வந்தேன். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவர்களை இறங்கச் சொன்னவள் நான்தானே?

இவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். வாயைத் திறந்தால் மூடாத மனிதர் சாப்பிட்டுவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். டிவியைக்கூடப் போடவில்லை.

அப்படியிருக்கையில் ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, அதுவும் இரண்டு வருடத்துக்கு. வீட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் விருந்தாளியாக வந்து போகலாம், தங்கக் கூடாது, அவ்வளவுதான் என்று சாவிக்காரியே போன் செய்து விளக்கினாள். குட்டியை விசாரித்தாள். நான் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஓய்வறைக் கட்டில் இனி இல்லை. குதித்திருக்க வேண்டும். இந்த நல்ல செய்தியைச் சொல்ல ஒரு கதவு இல்லையே என்றுதான் தோன்றியது. வெல்டரின் கேட் வரைக்கும் ஒருமுறை போனேன். தெரியாது என்று சொல்லச் சொன்ன வாயை வைத்துக்கொண்டு இப்போது என்ன சொல்வது? எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது? திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு நாள் விடியற்காலையில், முதல் பஸ்ஸில், எங்கள் தெரு நிறுத்தத்தில் வெல்டர் ஏறினார். கண் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும் போலிருக்கிறது. வழக்கமாக என் பஸ்ஸில் ஏறினால், ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருக்கிற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு இறங்குகிற வரை பேசுவார். அன்று என்னை யாரோ போலப் பார்த்துவிட்டு, அட்டையைக் காட்டிவிட்டு, கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவருடைய தொப்பி மட்டும் தெரிந்தது. ஒரு நிறுத்தத்தில் நிறுத்த மறந்து, இறங்க வேண்டியவரிடம் திட்டு வாங்கினேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் பின்கதவு வழியாக இறங்கப் போனார்.

"அண்ணே" என்றேன்.

அந்தச் சொல்லை நான் அந்த ஊரில் யாரையும் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. இடப்பக்க இருக்கைகளைப் பார்த்தார், வலப்பக்க இருக்கைகளைப் பார்த்தார், குனிந்து இருக்கைகளுக்கு அடியில்கூடப் பார்த்தார். அதற்குப் பிறகு பூட்ஸ் சத்தம் எழுப்பாமல் முன்னால் வந்து, என் காதோரம் குனிந்து கேட்டார்.

"அந்தச் சாவி போயிட்டாளா?"

எனக்குப் புரியவே இல்லை. அவர்தான் சொன்னார். அவர் அலுப்பாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதிலிருந்து விஷயம் விளங்கியது. யாருக்கும் வருத்தமும் இல்லை, மண்ணும் இல்லை. நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் சொல்கிற வரைக்கும் என்றேன் அல்லவா, நான் சொல்லவில்லை. சாவிக்காரி எந்த நேரம் எந்த மூலையிலிருந்து வருவாளோ என்று தெருவே காவல் காத்திருக்கிறது. பார்சல் பையன் வண்டியில் சுற்றுகிறவன் என்பதால், அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று போனில் சொல்வது அவன் வேலையாம். குட்டியின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு, தையல்காரம்மா அன்று முழுக்கத் தையல் மிஷின் பக்கமே போகவில்லையாம். அன்றைக்குத் தெருமுனையில் சாவிச் சத்தம் கேட்டதாம்.

"நான் மத்தியானம் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கண்ணெல்லாம் எரியுது. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கே போறேன். வீடு கிடைச்சுதா, கிடைக்கலையா? அதையாவது சொல்லு."

"கிடைச்சிடுச்சு" என்றேன். "போன வாரமே கிடைச்சிடுச்சு."

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அவருடைய மொழியில் ஏதோ சொன்னார். அது நல்ல வார்த்தை இல்லை என்பது எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். போன வாரமே கிடைத்ததை வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு என்று ஊர்மொழியில் மறுபடி திட்டினார். திட்டட்டும் என்று ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அடுத்த நடைக்கு ஏற நின்றிருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

அன்று மத்தியானம் முதுகு பலகையாகி வீட்டுக்கு வந்தேன். பூட்ஸ் வாசலுக்குக் குறுக்கே கிடந்தது. தடுக்கி விழப் பார்த்தேன். உள்ளே பின்னறைக் கதவு மூட முடியாதபடி பெட்டிகள். படுக்கையறையில் யாரோ ஒருத்தி கவுனோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயில் குண்டூசியோடு தையல்காரம்மா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பள்ளியிலிருந்து குட்டியை யார் கூட்டி வந்தார்களோ, கரண்டியால் பாத்திரத்தைப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். டிவி அலறியது. சோபாவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெல்டர்.

கொஞ்சமாவது கூச்சநாச்சம் இருக்கிறதா இந்த ஜனங்களுக்கு? விருந்தாளியாக வந்து போகலாம் என்றால் அன்றைக்கே வந்து விழ வேண்டுமா? இவர் வேலை முடிந்து வரட்டும், இன்றைக்கு இருக்கிறது அவருக்கு. இந்த மனிதரை முதலில் எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் மேல் தலையைச் சாய்த்தேன். குறட்டை, பாத்திரம், டிவி, பக்கத்து அறையில் இடுப்பைப் பற்றிய வாக்குவாதம். இதோ எழுப்புகிறேன், இதோ எழுப்புகிறேன் என்று நினைத்தபடியே அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டேன்.